முகில்தோய்மலை வேட்டையில் சுமை இறக்கிய ஓலை

நலம் பெருகுக. மன்னர் மலையில் இருக்கும் நாளெல்லாம் ஆழிமங்கலத்து அரண்மனையில் அமர்ந்து நாட்டைக் கண்ணிமைபோற் காக்கும் கோப்பெருந்தேவியார், தண்புனல் நாட்டின் தாயும் தலைமகளுமாகிய எழிலாண்டாள் தேவியாரின் திருமுன்னர், முகில்தோய்மலையின் உச்சியில், மேல்மலைக் குடிகளின் ஆட்டுக்கொட்டில் ஒன்றில் அமர்ந்து, ஓலைநாயகமும் அமைச்சனுமாகிய நல்லிறையன் பணிந்து விடுக்கும் ஓலை. பேரேரி நிறைக. வயல் விளைக. தேவியாரின் செங்கை தளராதிருக்க.

மாமன்னர் கோ நெடுவரையர் நலமாக இருக்கிறார். மன்னரின் பதினாறு பட்டங்களையும் ஓலையின் தலைப்பில் முறைப்படி எழுதாதது மறதியாலன்று. அப்பட்டங்கள் மலைவழியில் இறக்கி வைக்கப்பட்டன. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதே இவ்வோலையின் பொருளாகும்.

தேவியார் அறிந்ததே ஆயினும், ஓலை வாசிக்கக் கேட்கும் அவையோரில் தூங்காதவர் சிலர் இருக்கக்கூடுமாதலால் முதலிலிருந்து சொல்லப்படுகிறது. மேல்மலைக் குடிகளுக்கும் நம் அரச குலத்துக்கும் பழைய உடன்படிக்கை ஒன்று உண்டு. அவர்களுடைய தினைக்கொல்லையில் காட்டுப்பன்றி புகுந்து மூன்று நாள் மேய்ந்தால், கதிர் அறுக்கும் நாளுக்கு முன்பாக மன்னர் தாமே மலையேறித் தம் கையால் முதல் அம்பு எய்ய வேண்டும். எய்தால் மலையின் தலைச்சுனை நம் பேரேரிக்கு இறங்கும். எய்யாவிட்டால் அக்குடிகள் ஒரு மண்வரப்பை வெட்டிச் சுனையை மலையின் மறுபுறம் திருப்பிவிடுவார்கள். அதற்கு இரண்டு ஆளும் ஒரு முற்பகலும் போதும். ஆழிமங்கலம் குடிப்பதும் குளிப்பதும் அந்த வரப்பின் புண்ணியத்தில்தான்.

இவ்வாண்டு பன்றி புகுந்த செய்தி வந்தபோது கதிர் அறுக்க இருபத்தொரு நாள் இருந்தது. வேட்டைச் சுமைகளை மலைக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு சுமைத்தலைவன் பூதன் சேந்தனிடம் ஒப்படைக்கப்பட்டது. சேந்தன் யாரெனத் தேவியார் வினவலாம். அரண்மனையில் அவனைப் பாராதார் இல்லை. ஆனால் முகத்தைப் பார்த்தார் எவரும் இல்லை, ஏனெனில் அவன் தலைமேல் எப்பொழுதும் ஏதேனும் ஒன்று இருக்கும். ஐம்பது வயது, கழுத்து சற்று உள்ளிறங்கிய உடல், குறைவான பேச்சு. கூலி கேட்டு அவன் வாய் திறந்ததில்லை. ஆனால் இம்முறை, ஏவலை ஏற்கும் முன் அமைச்சன் வாயிலில் வந்து நின்று ஒன்று கேட்டான். சுமையைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்றான்.

காரணம் நெற்றித்தடம். மலையின் முக்கால் உயரத்தில், ஒருபுறம் பாறையும் மறுபுறம் வெறும் காற்றுமாக, ஓர் ஆளின் ஒரு பாதம் மட்டும் பதியக்கூடிய தடம் அது. முந்நூறு அடி நீளம். வேறு வழி கிடையாது. இரண்டு ஆண்டுக்கு முன் நடந்த வேட்டையில், மன்னர் நீராடும் வெண்கலக் கொப்பரையைத் தலையில் ஏற்றிக்கொண்டு அத்தடத்தில் நடந்தவன் சேந்தனின் தம்பி சாத்தன். கொப்பரையின் விளிம்பு பாறையில் இடித்தது. சுமந்தவன் சுமையோடு போனான். அவன் மனைவி மருதியின் முகத்தில் விழிக்க முடியாமல் சேந்தன் ஒரு திங்கள் ஊருக்குப் போகவில்லை. போன அன்று, இனி அத்தடத்தில் ஓர் ஆளையும் விட்டுவிட்டுத் திரும்பமாட்டேன் என்று அவளிடம் கையடித்துக் கொடுத்திருக்கிறான். இந்தச் சொல்லைக் காப்பாற்றுவது ஒன்றே அவனுக்கு இந்த வேட்டை. பன்றி அவனுக்கு ஒரு பொருட்டன்று.

கேட்டது நியாயம் என்று அமைச்சனுக்குப் பட்டது. மன்னரிடம் சொல்ல, மன்னரும் உடனே இசைந்தார். தேவியார் அறிவார், நம் மன்னர் எதற்கும் உடனே இசைவார். துன்பமெல்லாம் அதற்குப் பிறகு அவையோர் கைக்கு அது போகும்போதுதான் தொடங்கும்.

அப்போது இருந்தவை நாற்பத்தெட்டுச் சுமை. மேற்சொன்ன கொப்பரை, அதைக் கவிழாமல் நிறுத்தும் முக்காலி, வெள்ளி வெற்றிலைச் செல்லம், செல்லத்துக்குத் தனியே ஒரு பீடம், வெண்கொற்றக் குடை மூன்று, ஆலவட்டம் இரண்டு, சங்கிலியோடு ஊஞ்சற்பலகை, வேட்டை நிகழ்வதைக் காட்டுக்கு அறிவிக்க முரசு. அதை முழக்கித்தான் வேட்டை தொடங்க வேண்டும் என்பது மரபு. முழக்கியதும் பன்றி அடுத்த மலைக்குப் போய்விடும் என்பதும் மரபாகிவிட்டது. அவைப்புலவர் வேட்டைப் புகழைப் பாடி, பன்றி விழப்போகும் நாளும் நாழிகையும் குறித்து, ஐந்து செப்பேடுகளில் முன்கூட்டியே வெட்டுவித்து வளையத்தில் கோத்து அனுப்பியிருந்தார். அது மட்டும் ஓர் ஆள் சுமை. வில்லும் அம்பும் பட்டியலின் கடைசியில் இருந்தன.

பண்டாரநாயகர் அறவாணர் தலைமையில் சுமைக்குறைப்பு மன்றம் ஒன்று அமைக்கப்பட்டது. ஐவர் அமர்ந்து ஐந்து நாள் ஆராய்ந்தனர். எடை தெரியாமல் எதையும் குறைத்தல் முறையன்று என்று தீர்மானித்து, பண்டாரத்தின் பெருந்துலாக்கோலையும் எடைக்கற்களையும் வரவழைத்தனர். வழியில் ஒவ்வொரு தங்குமிடத்திலும் மீண்டும் நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால், துலாக்கோலும் மலையேற வேண்டும் என்று அடுத்த நாள் தீர்மானித்தனர்.

அவர்கள் குறைத்தவற்றை மறைப்பது நேர்மையாகாது. மன்னரின் பல்குச்சிகள் பாதியாக ஒடிக்கப்பட்டன. அகப்பைகளின் காம்பு நான்கு விரல் நறுக்கப்பட்டது. குடைகளின் குஞ்சங்கள் அறுக்கப்பட்டன. மெத்தையிலிருந்து ஒரு பிடி இலவம்பஞ்சு எடுக்கப்பட்டு, எடுத்ததற்கு ஓலை எழுதப்பட்டது. செப்பேட்டில் இரண்டு அடிகளைக் குறைத்துக்கொள்ளுமாறு புலவரைக் கேட்டபோது, எழுத்தை வெட்டினால் செம்பு குறையும், எழுத்தே இல்லாவிட்டால்தான் கூடும் என்று அவர் வாதித்து வென்றார். இவ்வாறு தம் துறைப் பொருள் ஒன்றுகூடக் கைவிடப்படாதபடி ஒவ்வொருவரும் காத்துக்கொண்ட பின், எவர் துறையிலும் சேராத பொருள் எது என்று தேடினர். சுமையாட்களின் தோற்செருப்பு அகப்பட்டது. இரண்டாம் வேளைச் சோற்றுக்கான அரிசியும் அகப்பட்டது. இரண்டையும் நீக்க ஒருமனதாக முடிவாயிற்று.

இவற்றுக்கும் மேலாக மன்றம் ஒரு துணிவான காரியமும் செய்தது. சில பெரும் பொருள்களை முழுதாகவே விட்டுச்செல்லலாம் என்றது. கொப்பரை, ஊஞ்சல், இரண்டாம் மூன்றாம் குடைகள் விடப்பட்டன. அன்று சேந்தன் முகத்தில் கொஞ்சம் தெளிச்சி இருந்தது. ஆனால் பொருள் போனாலும் பதவி போகாது என்பது நம் அரண்மனை வழக்கம். கொப்பரை இல்லாவிட்டாலும் கொப்பரைக் காப்பாளர் வருவார். மன்னர் திடீரென நீராட விரும்பினால், கொப்பரை இல்லை என்பதை முறைப்படி அறிவிக்க ஆள் வேண்டாமா? ஊஞ்சல் இல்லாமல் ஊஞ்சல் ஆட்டுவோர் இருவரும், குடையில்லாமல் குடைபிடிப்போர் இருவரும் கிளம்பினர். அவர்களுக்குப் படுக்கை, பாத்திரம், கூடாரம், எடுபிடி. மூன்றாம் நாள் கொப்பரைக் காப்பாளர், காப்பதற்குப் பொருளின்றி வந்ததைப் பிறர் நகைக்கிறார்கள் என்று முறையிட்டுக் கண்ணீர் உகுத்தார். இரங்கிய மன்றம் கொப்பரையைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. அதைக் கண்டு ஊஞ்சலும் குடைகளும் வந்து சேர்ந்தன.

இவ்வாறாக நாற்பத்தெட்டாக இருந்த சுமை குறைக்கப்பட்டு அறுபத்து நான்காக ஆயிற்று. கூடுதல் பதினாறு ஆட்களை அடிவாரத்து ஊர்களில் திரட்டும்படி சேந்தனுக்கு ஆணை போயிற்று. செருப்பை மட்டும் அவன் யாருக்கும் தெரியாமல் அரிசி மூட்டைக்குள் செருகிவைத்தான். இது குற்றம் என்றால், அமைச்சனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான் என்பதைத் தேவியார் குறித்துக்கொள்க.

மன்னரின் பல்லக்கு முன்னே போக, கூட்டம் பதினோரு நாள் ஊர்ந்து நெற்றித்தடத்தின் தொடக்கத்தை அடைந்தபோது, கதிர் அறுக்க ஐந்து நாளே இருந்தது. மேல்மலைக் குடிகளின் தலைவி கொற்றி என்பவள் அங்கே நமக்காகக் காத்திருந்தாள். நாற்பது வயது மதிக்கத்தக்கவள். கூரிய கண், அதைவிடக் கூரிய நாக்கு. அவள் உச்சியிலிருந்து அன்று காலையில் புறப்பட்டு நண்பகலுக்கு முன் இறங்கியிருந்தாள். அவளிடம் இருந்தவை ஒரு வில், நான்கு அம்பு, கத்தி, தீக்கடைகோல், தண்ணீர்ச் சுரைக்குடுக்கை, தேன் பிசைந்த தினைமாவு ஒரு பொட்டலம், தோளில் ஒரு கம்பளி. இவ்வளவையும் ஒரு கையால் எடுத்துவிடலாம்.

அவள் நம் சுமைகளைத் தலைமுதல் வால்வரை நடந்து பார்த்தாள். பார்த்து முடிக்கச் சிறிது நேரம் ஆயிற்று. பிறகு, "ராசா பன்னி அடிக்க வந்தாரா, பொண்ணு கட்டிக்குடுத்துச் சீரு கொண்டாந்தாரா?" என்று மேல்மலை வழக்கில் கேட்டாள். அவையோரில் சிலர் சினந்தனர். சேந்தன் மட்டும் தலையிலிருந்த சும்மாட்டை எடுத்துத் துடைப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டான்.

கொற்றி மேலும் சொன்னவை இரண்டு. கதிர் எவருக்காகவும் காத்திராது, ஆகவே ஐந்தாம் நாள் விடிந்ததும் மண்வெட்டி வரப்புக்குப் போகும் என்பது ஒன்று. இத்தனை பாரத்தோடு அறுபத்து நான்கு பேர் தடத்தில் ஏறினால், மழை ஊறிய விளிம்பில் நான்கைந்து பேராவது கீழே போவார்கள் என்பது மற்றொன்று. இதைச் சொல்லும்போது அவள் குரலில் கேலி இல்லை.

மன்றம் உடனே கூடியது. இரண்டு நாள் கூடியே இருந்தது. துலாக்கோல் நாட்டப்பட்டு எல்லாச் சுமையும் மீண்டும் நிறுக்கப்பட்டது. அரிசி மூட்டைக்குள் செருப்புகள் அகப்பட்டபோதுதான் உண்மையான ஆரவாரம் எழுந்தது. சுமை மிகுந்ததன் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக அறவாணர் அறிவித்தார். வெறுங்காலோடு சிலரை முதலில் தடத்தில் ஏற்றிப் பார்க்கலாம் என்றும், எத்தனை பேர் விழுகிறார்கள் என்பதை வைத்து எவ்வளவு குறைப்பது எனக் கணிக்கலாம் என்றும் ஒருவர் கருத்துரைத்தார். அவரும் கெட்டவர் அல்லர். வீட்டில் கிளி வளர்க்கிறார்.

அன்று மாலை சேந்தன் அமைச்சனிடம் வந்தான். அவன் நிற்கும் விதத்திலேயே அவன் அழுதிருப்பது தெரிந்தது. ஆட்களை ஏற்றமாட்டேன், என் தலையை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் வந்திருந்தான். அதைச் சொல்லியும் விட்டான். பின்பு துலாக்கோலின் பக்கம் திரும்பினான். இங்கே ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் ஒரு வாய் இருக்கிறது, ஆகையால் எதையும் விட்டுவிட்டுப் போக இவர்கள் விடமாட்டார்கள் என்றான். ஆனால் கொடையாகக் கொடுத்த பொருளைத் திரும்பக் கேட்க நம் நாட்டில் எவருக்காவது உரிமை உண்டா என்று மெல்லக் கேட்டான்.

அமைச்சன் முப்பது ஆண்டு ஓலை எழுதியவன். மூளை வேலை செய்ய அவனுக்கு அரை நாழிகை ஆயிற்று. சுமைத்தலைவனுக்கு அது முன்பே முடிந்திருந்தது.

நம் மரபில் மன்னர் துலாத்தட்டில் அமர்ந்தால், எதிர்த்தட்டில் அவர் எடைக்கு ஈடாக வைக்கப்படும் பொருளெல்லாம் அக்கணமே கொடையாகிவிடும். அதைத் தொடுவதும் பாவம். பொன்தான் வைக்க வேண்டும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. மன்னரை வேறெதற்காகவும் எடைபோடக் கூடாது என்பதால்தான், அறுபத்து நான்கு சுமையையும் நிறுத்த மன்றம், பல்லக்குக்குள் இருந்ததைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. மன்னரின் திருமேனி நால்வர் சுமைக்குச் சமம் என்பது தேவியார் அறியாததன்று. நால்வர் சுமை ஒரு தட்டு என்றால், அறுபத்து நான்குக்குப் பதினாறு துலாபாரம். மன்னருக்கோ பட்டங்கள் பதினாறு.

அமைச்சன் அப்பொழுதே சென்று மன்னரிடம் விண்ணப்பித்தான். எந்த மன்னரும் ஒருமுறைக்கு மேல் துலாபாரம் புக்கதில்லை. நம் மன்னரோ ஒரே நாளில், ஒரு பட்டத்துக்கு ஒன்றாகப் பதினாறு முறை புக்கார் என்ற புகழ் இம்மலைமேல் காத்திருக்கிறது என்றான். மன்னரின் திருமுகம் மலர்ந்தது. இதுவரை இதை ஏன் எவரும் சொல்லவில்லை என்று கடிந்துகொண்டார். பண்டாரநாயகர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மன்னரின் புகழில் எத்தனையாவது பட்டத்தைக் குறைக்கலாம் என்று அவர் கருதுகிறார் என அமைச்சன் அன்போடு வினவினான். அவர் துலாக்கோலைத் துடைத்துவைக்க ஆளனுப்பினார்.

மறுநாள் காலை தொடங்கிற்று. பகைவர் நடுங்கும் பட்டத்துக்குக் குடைகளும் ஆலவட்டமும் கூடாரங்களும் போயின. முத்தமிழ் காக்கும் பட்டத்துக்குச் செப்பேடுகள் போயின. புலவர் இதைவிடப் பொருத்தம் வேறில்லை என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். காட்டையே நடுங்கவைக்கும் பட்டத்துக்கு முரசு. ஒவ்வொரு தட்டும் சமமாகும்போதும் மன்னர் மேலிருந்து கையசைத்தார். கொப்பரை ஏறியது பதினோராம் துலாபாரத்தில். அதைத் தூக்கித் தட்டில் வைக்கும் வேலையை வேறெவரையும் செய்யவிடாமல் சேந்தன் தானே செய்தான். வைத்துவிட்டுக் கைகளை வேட்டியில் பலமுறை துடைத்தான்.

பதினாறாவது முறை சிக்கல் வந்தது. வழியில் உண்டு தீர்த்த அரிசியால் சுமை குறைந்திருந்தது, எதிர்த்தட்டு நிறையவில்லை. பல்லக்கை ஏற்றினார்கள். எடைக்கற்களை ஏற்றினார்கள். ஆடை அணிப் பேழையை ஏற்றினார்கள். இன்னும் ஓர் இழை மன்னர் பக்கமே தாழ்ந்திருந்தது. பாதியில் நின்ற துலாபாரம் நாட்டுக்குக் கேடு என்று கணியன் பதறினான். அப்போது சேந்தன், இங்கே குறைந்தால் அங்கே கூடும் என்று மட்டும் சொல்லி மன்னரின் திருமுடியை நோக்கினான். அவன் அப்படி நிமிர்ந்து பார்த்ததை அமைச்சன் முதன்முறையாகக் கண்டான்.

மன்னர் தாமே முடியை எடுத்து, காற்றில் பிடித்து ஒருமுறை பார்த்துவிட்டு, எதிர்த்தட்டில் வைக்கக் கொடுத்தார். தட்டுகள் நேராயின. கழுத்தைத் தடவிக்கொண்டே, இது இவ்வளவு பாரமா என்று மன்னர் கேட்டதாக அருகிலிருந்தோர் சொல்கின்றனர்.

கொடையைப் பெற்றுக்கொள்ளுமாறு கொற்றி அழைக்கப்பட்டாள். பெற்றுத்தான் ஆக வேண்டுமா என்று அவள் கேட்டாள். ஆம் என்றதும் சுற்றிப் பார்த்து, முரசு கிளி ஓட்ட உதவும் என்றும், செப்பேட்டில் கிழங்கு சுடலாம் என்றும் மனத்தைத் தேற்றிக்கொண்டாள். மன்னருக்கு ஒரு கம்பளியும் ஒரு பொட்டலம் தினைமாவும் தந்தாள். மணிப் பாதுகைகளும் தட்டில் போய்விட்டதால், சேந்தன் தன் தோற்செருப்பைக் கழற்றி மன்னர் காலடியில் வைத்தான். மன்றம் நீக்கச் சொன்ன அதே செருப்பு.

நான்காம் நாள் காலையில் தடம் ஏறினோம். சுமையாட்கள் அறுபத்து நான்கு பேரும் தலையில் ஒன்றுமில்லாமல், கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாதவர்களைப்போல் நடந்தார்கள். தட்டில் ஏற்றாமல் விட்ட வில்லையும் அம்பறாத்தூணியையும் மன்னரே தோளில் மாட்டிக்கொண்டார்; பதவியாளரெல்லாம் தடத்தின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டதால், எடுத்துக்கொடுக்க எவரும் அருகில் இல்லை. சேந்தன் முன்னே வெறுங்காலோடு நடக்க, அவன் இடைக்கச்சையைப் பற்றிக்கொண்டு மன்னர் பக்கவாட்டில் காலை நகர்த்தினார். பாறையில் மூக்கு உரச உரசவே வந்தார். இதை எழுதுவதற்கு மன்னரின் இசைவு உண்டு.

நடுவழியில் மன்னரின் கால் சறுக்கிற்று. சேந்தன் திரும்பாமலே கையை நீட்டிப் பிடித்துப் பாறையோடு சேர்த்து அழுத்தினான். மூச்சு வாங்க நின்றபோது, பாறையிடுக்கில் இருந்த ஒரு முட்செடியில் வெளுத்த துணிக்கீற்று ஒன்று கட்டியிருப்பதை மன்னர் கண்டார். அது என்ன வேண்டுதல் என்று கேட்டார். வேண்டுதல் அன்று, மன்னர் நீராடும் கொப்பரையோடு என் தம்பி சாத்தன் விழுந்த இடம் இது என்று சேந்தன் சொன்னான்.

அந்தக் கொப்பரை அன்றே திரும்பி வந்ததே, அதில் நாம் நீராடினோமே என்றார் மன்னர். ஆம், எட்டுப் பேர் கயிறு கட்டி இறங்கி அதை மேலே கொண்டுவந்தார்கள் என்றான் சேந்தன். உன் தம்பி என்று மன்னர் தொடங்க, அவனை எடுத்துவர மறுபடி இறங்கலாமா என்று கேட்டோம், நீராடும் வேளை தவறுகிறது என்று சொல்லிவிட்டார்கள் என்றான். யார் சொன்னார்கள் என்று மன்னர் கேட்கவில்லை. நீராடத் தாமதமானதற்காக அன்று சுமையாட்களுக்கு ஒரு வேளைச் சோறு நிறுத்தப்பட்டது மன்னருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அந்த ஆணையில் ஒப்பமிட்டவர் அவர். ஓலையை எழுதியவன் இந்த நல்லிறையன். தேவியாரே, அந்த இடத்தில் கீழே பார்க்க அமைச்சனுக்குத் துணிவு வரவில்லை.

மறுகரையில் சேந்தன் ஆட்களை எண்ணினான். அறுபத்து நான்கு. நம்பாமல் திரும்பவும் எண்ணினான். பிறகு ஒரு பாறையின்மேல் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதான்.

வேட்டையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வது வேட்டைக்கு நல்லது. முரசும் குடையும் இல்லாததால், நம் அரச குலத்தின் வரலாற்றில் முதன்முறையாகப் பன்றி இருந்த இடத்திலேயே இருந்தது. அன்று மாலை மன்னர் தினைக்கொல்லையின் வேலிக்குப் பின்னால் கொற்றியோடு பதுங்கி, தம் கையால் முதல் அம்பை எய்தார். அது காவற்பரணின் காலில் ஆழமாகத் தைத்தது. இரண்டாவதாகக் கொற்றி எய்த அம்பில் பன்றி விழுந்தது. உடன்படிக்கை முதல் அம்பைப் பற்றி மட்டுமே பேசுகிறது என்பதைக் கொற்றியே பெருந்தன்மையோடு எடுத்துக்காட்டினாள். வரப்பு வெட்டப்படாது. இவ்வோலை வரும்போது பேரேரிக்கு நீர் இறங்கிக்கொண்டிருக்கும்.

அன்று மன்னர் பன்றிக்கறியும் தினைச்சோறும் சுமையாட்களோடு தரையில் அமர்ந்து உண்டார். இன்று விடியலில் அமைச்சனை அழைத்து இவ்வாணைகளை எழுதுவித்தார்.

இனி அரச வேட்டையில், எவர் எப்பொருளை வேண்டுகிறாரோ அவரே அதை உச்சிவரை சுமக்க வேண்டும். மன்னரும் இதற்கு விலக்கல்லர். தடத்தின் தொடக்கத்தில் விடப்பட்ட பதவியாளர் ஐம்பத்திரண்டு பேரும் வெறுங்கையோடு ஊர் திரும்புகின்றனர். வாழ்நாளில் முதன்முறை சுமையாள் இன்றி நடந்து வருவதால் கோட்டை வாயிலில் அவர்களுக்கு நீர்மோர் வழங்குக. கொப்பரைக் காப்பாளர் மட்டும் அங்கேயே தங்கிவிட்டார். மேல்மலையார் கொப்பரையைத் தவிட்டுத் தொட்டியாக்கி ஆடுகளுக்கு வைத்திருக்கிறார்கள். அவர் அருகில் நின்று காக்கிறார். மனநிறைவோடு இருப்பதாகவே தெரிகிறது.

நெற்றித்தடத்தின் கீழுள்ள பள்ளத்தில் நாளை கயிறு கட்டி ஆட்கள் இறங்குவர். சாத்தனில் கிடைப்பது எதுவாயினும் அது மருதியிடம் சேர்க்கப்படும். சேந்தனே கொண்டுவருகிறான். அவர்கள் வரும் நாளில் தேவியார் வாயில்வரை எழுந்தருள வேண்டும் என்பது மன்னரின் வேண்டுகோள், ஆணையன்று.

போரில் பட்டவர்க்கே கல் நடுவது நம் வழக்கம். இனிச் சுமையில் பட்டவனுக்கும் உண்டு. தலைநகர்க் கற்றச்சர் சாத்தனின் பெயரும் ஊரும் பொறித்து ஒரு கல் செதுக்கி, அடுத்த வேட்டைத் திங்களுக்குள் ஆயத்தமாக வைக்க வேண்டும். அதைத் தடத்தின் இப்பால்வரை மன்னர் தாமே தலையில் சுமந்து நடந்து கொண்டுவருவார். இதற்காக நாளும் காலையில் மூன்று நாழிகை நடந்து பழகப்போவதாகச் சொல்லியிருக்கிறார்; தேவியார் நகையாதிருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்.

பொன் இலச்சினை ஒன்பதாம் துலாபாரத்தில் கொடையாகிப் போனமையால், மன்னர் தம் கட்டைவிரல் நகத்தால் ஓலையின் ஓரத்தில் கீறியிருக்கிறார். இதுவே முத்திரையாகக் கொள்க. ஓலை ஒன்றே, கொண்டுவருபவன் ஒருவனே, அவனுக்குச் சோறும் செருப்பும் கொடுத்து அனுப்புக.

முடிக்கும் வேளையில் தடத்தின் தொடக்கத்தில் இருக்கும் பண்டாரநாயகரிடமிருந்து செய்தி வந்தது. மன்னர் திருத்தலையில் ஏறப்போகும் கல்லாதலால், அதன் எடையைக் குறைக்கும் வழிகளை ஆராய மன்றத்தை மீண்டும் கூட்ட விழைகிறாராம். மன்னர் அதைக் கேட்டுவிட்டுக் கொப்பரையின் எடை எவ்வளவு என்று சேந்தனை வினவினார். மூன்று மணங்கு என்றான். கல்லும் மூன்று மணங்கு இருக்க வேண்டும். ஒரு குன்றிமணியும் குறையலாகாது. இது கோ நெடுவரையரின் ஆணை.